செவ்வாய் ஒன்பது பத்து

ஜொவிட்டா எழுதுவதை இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் வாங்கிக்கொள்கிறார். அவர் ஆணா பெண்ணா, எந்த ஊர், என்ன பாஷை, ஒன்றும் தெரியாது. தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: வாராவாரம் செவ்வாய்க்கிழமை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு வருவார், புதிதாக ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள்வார், போய்விடுவார். நான்கு வருடமாக இப்படித்தான். ஐம்பத்தொன்பது வயதுப் பெண்மணிக்கு இதைவிட உருப்படியான ஓர் உறவு கிடைக்காதா என்று நீங்கள் கேட்கலாம். அவளுடைய தம்பி நோயலும் மெல்பர்னிலிருந்து அதைத்தான் கேட்கிறான். அவளுக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

"நீ மாசத்துக்கு ஒரு தடவ ஃபோன் பண்ற. அவரு வாராவாரம் வர்றாரு" என்பாள்.

எழுதுவது என்றதும் கதை கவிதை என்று நினைத்துவிட வேண்டாம். ஜொவிட்டா எழுதுவது பேட்ச். யூனிக்ஸ் வம்சத்தில் வந்த கர்லூ என்று ஓர் இயங்குதளம் உண்டு. உலகமெங்கும் சில நூறு பேர் தங்கள் ஓய்வு நேரத்தில் சேர்ந்து எழுதி, சும்மாவே கொடுப்பது. வீட்டில் யாரும் வைத்திருக்க மாட்டார்கள். எங்காவது அலமாரிக்கு மேலே, வெளியிலிருந்து வரும் இன்டர்நெட் ஒயருக்கும் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கும் நடுவில், வாட்ச்மேன் மாதிரி ஒரு சின்னப் பெட்டி உட்கார்ந்திருக்கும். அதற்குள் கர்லூ ஓடும். மனிதர் எழுதியதில் பிழை இல்லாமல் இருக்குமா? பிழை தெரியவரும்போதெல்லாம் அதை அடைக்க ஒரு பேட்ச் எழுதி, நம்பர் போட்டு, பொதுவில் வைப்பார்கள். அதில் இரண்டு வகை. திருடன் உள்ளே வராமல் அடைப்பது செக்யூரிட்டி. யாரும் தொடாமலேயே பெட்டி தானாக விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்வது ரிலையபிலிட்டி. முதல் வகையை எழுதினால் நாலு பேர் பாராட்டுவார்கள். இரண்டாவது வகையை எழுதினால் ஒன்றுமே நடக்காது. ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான் அந்த வேலையின் பலனே. ஜொவிட்டா எழுதியதில் முக்கால்வாசி அந்த இரண்டாவது வகை.

சாந்தோமில் பிறந்து சாந்தோமிலேயே இருப்பவள். அப்பா பவுல்சாமி பங்குப் பள்ளியில் கணக்கு வாத்தியார். அவர்கள் குடும்பம் போர்த்துகீசியர் காலத்திலிருந்து அந்தக் கடற்கரையை விட்டு நகர்ந்ததில்லை. அடையாறில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் சென்டரில் ஜொவிட்டா இருபத்தேழு வருடம் வேலை பார்த்தாள். கல்யாணம் தள்ளிப்போய், தள்ளிப்போய், பிறகு அந்தப் பேச்சே நின்றுவிட்டது. அப்பா போனார், அம்மா போனாள். போன வருடம் கல்லூரியிலும் ஒரு சால்வை போட்டு அனுப்பிவிட்டார்கள். இப்போது இரண்டு அறை ஃப்ளாட், ஜன்னலில் உப்புக்காற்று, மேஜைமேல் இரண்டு ஸ்க்ரீன். கறிகாய்க்கு மயிலாப்பூர் மாட வீதி, மீனுக்கு லூப் ரோடு. தி.நகர் பக்கம் மட்டும் பத்து வருடமாகப் போவதில்லை. கேட்டால், கூட்டம் ஒத்துக்கொள்ளாது என்பாள்.

கர்லூ ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப் பதிப்பு போடும். பழைய பதிப்புக்கு ஒரு வருடம் பேட்ச் கொடுத்துவிட்டுக் கைகழுவிவிடும். அது அவர்கள் வழக்கம். இரண்டாயிரத்துப் பதினான்கில் வந்த பதினோராம் பதிப்பை மட்டும் கைகழுவ ஜொவிட்டா விடவில்லை. பழைய, சின்னப் பெட்டிகளில் அதற்கு மேற்பட்ட பதிப்பு ஓடாது. அந்தப் பெட்டிகளை வைத்திருப்பவர்கள் எங்கே போவார்கள்? நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கையைத் தூக்கினாள். தூக்கிய கையை இறக்கவே இல்லை. புதிய பதிப்பில் ஒரு பிழையைச் சரிசெய்தால், அதே பிழை பதினொன்றில் இருக்கிறதா என்று பார்ப்பாள், இருந்தால் பழைய உடம்புக்குத் தகுந்தபடி மாற்றி எழுதுவாள். ஆரம்பத்தில் முந்நூறு பெட்டிகள் அதை எடுத்துக்கொண்டன. அப்புறம் நாற்பது. அப்புறம் பன்னிரண்டு. நான்கு வருடமாக ஒன்று.

அந்த ஒன்று எங்கே இருக்கிறது என்று பார்க்க வழியில்லை. யார் எடுக்கிறார்கள் என்ற விலாசத்தை கர்லூ எழுதி வைப்பதே இல்லை. அது அநாகரிகம் என்பது அவர்கள் கொள்கை. எத்தனை பேர், எந்த நேரம், அவ்வளவுதான் பதிவாகும். நேரமும் உலகப் பொதுநேரத்தில். செவ்வாய், ஒன்பது பத்து. ஜொவிட்டா அதை வைத்துக்கொண்டு ஓர் ஆளையே செய்துவிட்டாள். உலகப் பொதுநேரம் லிஸ்பன் நகரத்துக் கடிகாரத்தோடு ஒத்துப்போகும். ஆகையால் அவர் லிஸ்பன்காரர். கடலோரத்தில் ஒரு பழைய நூலகம். திங்கட்கிழமை அதற்கு விடுமுறை. செவ்வாய்க் காலை ஒன்பதுக்கு வந்து கதவைத் திறந்து, காபி வைத்துவிட்டு, பத்து நிமிடத்தில் பெட்டியைத் தட்டி எழுப்புவார். மூக்குக் கண்ணாடி. மனைவி இல்லை. இதையெல்லாம் யாரிடமும் அவள் சொன்னதில்லை; சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரியும். ஆனால் செவ்வாய்க்கிழமைகளில் அவள் கொஞ்சம் நல்ல புடவையாகக் கட்டிக்கொள்வாள். தனிமை ஒரு மனுஷியை எங்கெல்லாம் கொண்டுபோய் நிறுத்துகிறது பாருங்கள்.

இந்த வருடம் ஜூலை முதல் தேதி தல்ஹா ஃபோன் செய்தான். ராயப்பேட்டைப் பையன், இப்போது பெர்லினில் இருக்கிறான். கர்லூவின் பழைய பதிப்புகளுக்கு அவன்தான் பொறுப்பு.

"மேம், எப்படி இருக்கீங்க?" என்றான். அவன் இழுத்த இழுப்பிலேயே அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

"சொல்லு தல்ஹா."

"அந்த பதினொன்னுக்கு பேட்ச் தயார் பண்ற மெஷின் இருக்குல்ல, அத ஜூலை முப்பத்தொண்ணோட நிறுத்தலாம்னு முடிவு பண்ணிருக்காங்க. பதினொன்னாம் பதிப்புக் கிளையையே மூடிடலாம்னு. நான் எவ்ளோவோ பேசிப் பாத்தேன் மேம்."

"ஒருத்தர் எடுத்துக்கிறாரே."

"ஒருத்தர்தான் மேம். அதுவும் மனுஷனா, எங்கியோ மறந்துபோன பெட்டியான்னே தெரியல. ஒரே ஒரு ஆள், நான் யூஸ் பண்றேன்னு ஒரு வரி எழுதினா போதும், நான் சண்ட போட்டு இன்னும் ரெண்டு வருஷம் வாங்கித் தர்றேன். ஒரே ஒரு ஆள் மேம்."

ஃபோனை வைத்துவிட்டு ஜொவிட்டா காலண்டரைப் பார்த்தாள். கிளையை மூடினால் செவ்வாய்க்கிழமை இல்லை. செவ்வாய்க்கிழமை இல்லை என்றால் மிச்சமிருக்கும் ஆறு நாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. பயமாக இருந்தது.

ஒவ்வொரு பேட்ச்சின் தலையிலும் மூன்று வரி இருக்கும். எது உடைந்தது, யாருக்கு அதனால் ஆபத்து, எப்படிப் போட வேண்டும். நாலாவது வரி கிடையாது. வணக்கம் கிடையாது, நன்றி கிடையாது. ஆரம்பத்திலிருந்தே உள்ள வழக்கம் அது. ஒருமுறை ஒரு புதுப்பையன் கிறிஸ்துமஸ் வாழ்த்து எழுதிவிட்டான் என்று ஜொவிட்டாவே அவனைக் கடிந்திருக்கிறாள். ஜூலை எட்டாம் தேதி செவ்வாய்க்கு அவள் வெளியிட்ட இருநூற்றுப் பன்னிரண்டாம் பேட்ச்சில் நாலாவது வரி இருந்தது.

'இதைப் படிப்பவர் எங்கிருந்தாலும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். ஜொவிட்டா, சென்னை.'

ஒன்பது பத்துக்கு அவர் வந்தார். பேட்ச்சை எடுத்துக்கொண்டார். ஒன்றும் எழுதவில்லை.

மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாள் தல்ஹாவிடமிருந்துதான் மெயில் வந்தது. 'மேம், அந்த நாலாவது வரி...' என்று ஆரம்பித்து, பாவம், முடிக்கத் தெரியாமல் விட்டிருந்தான். ஜொவிட்டாவுக்கு முகம் சுட்டது. ஆனாலும் பதினைந்தாம் தேதிப் பேட்ச்சிலும் அதே வரியைப் போட்டாள். வெட்கத்தைப் பார்த்தால் நடக்குமா? அன்றைக்கும் ஒன்பது பத்துக்கு வந்தார், எடுத்தார், போனார். கதவைத் தட்டிக் கூப்பிடுகிறவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறவர்மேல் அவளுக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. லிஸ்பனில் உட்கார்ந்து காபி குடிக்கிற மனுஷனுக்கு ஒரு வரி எழுத என்ன கேடு?

ஆள் பேசாவிட்டால் போகட்டும், கணக்காவது பேசட்டும் என்று நான்கு வருடப் பதிவுகளையும் ஒன்றாகத் திரட்டி உட்கார்ந்தாள். இருநூற்றுச் சொச்சம் செவ்வாய்க்கிழமைகள். ஒன்றுகூடத் தவறவில்லை என்று தல்ஹாவிடம் காட்டலாம் அல்லவா? இதுவரை வாரத்துக்கு ஒரு வரியாகத்தான் பார்த்திருக்கிறாள். இப்போது முதல் முறையாக எல்லா வரிகளும் ஒன்றின்கீழ் ஒன்றாக ஸ்க்ரீனில் இறங்கின. ஒன்பது பத்து. ஒன்பது பத்து. ஒன்பது பத்து. ஜனவரியிலும் ஒன்பது பத்து, ஜூலையிலும் ஒன்பது பத்து.

அங்கேதான் அவளுக்கு இடித்தது. லிஸ்பனில் கோடைக்காலம் வந்தால் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். அவர் தன் ஊர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒன்பது பத்துக்கு வருகிறவராக இருந்தால், கோடையில் இங்கே எட்டு பத்து என்று விழ வேண்டும். ஒரு தடவைகூட விழவில்லை. அப்படியென்றால் அது லிஸ்பன் இல்லை. ஐரோப்பாவே இல்லை. வருடம் முழுக்கக் கடிகாரத்தைத் தொடாத நாடு. அப்படி ஒரு நாட்டில்தான் அவளே உட்கார்ந்திருந்தாள்.

ஒன்பது பத்தோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினாள். மத்தியானம் இரண்டு நாற்பது. செவ்வாய்க்கிழமை, மத்தியானம், இரண்டு நாற்பது.

கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தது யார் என்று அவளுக்குத் தெரியும்.

வள்ளியைப் பற்றி இப்போது சொல்லியாக வேண்டும். படிக்கிற காலத்தில் மூன்று வருடம் ஒரே பெஞ்சு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் துணிக்கடை வைத்த குடும்பம். படிப்பு முடிந்ததும் வள்ளி கல்லாவில் உட்கார்ந்தாள், புருஷன் போன பிறகு கடையே அவள் தலையில் விழுந்தது. பாண்டி பஜாரிலிருந்து கிளைக்கும் ஒரு சந்தில் வள்ளி மேட்சிங் சென்டர். ரவிக்கைத் துணி, லைனிங், ஃபால்ஸ். எந்தப் புடவையைக் கொண்டுபோனாலும் அதே நிறத்தில் துணி எடுத்துப் போடுவாள். ஜொவிட்டா சனிக்கிழமைதோறும் வேலை முடிந்து நேரே அங்கே போய், கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். இருவருக்கும் பேச்சு ஓயாது. இரண்டாயிரத்துப் பதினான்கில் கடை கம்ப்யூட்டர்களுக்குக் காவலாக ஒரு சின்னப் பெட்டியை வாங்கி, கர்லூ பதினொன்றைப் போட்டு, லாஃப்ட்டில் ஏற்றி வைத்தவள் ஜொவிட்டாதான்.

பெட்டி வாரம் ஒரு முறை தானே பேட்ச் எடுத்துப் போட்டுக்கொள்ளும். தேவைப்பட்டால் ஒரு தடவை அணைந்து எழும். அதற்கு ஒரு நேரம் குறிக்க வேண்டும். ஜொவிட்டா குறித்தது ஞாயிற்றுக்கிழமை பதினொன்று பத்து. அவள் கணக்கு அவளுக்கு. ஞாயிறு ஒன்பது மணிப் பூசை முடிந்து பத்தரைக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள். ஏதாவது கோளாறு என்றால் நிதானமாக உட்கார்ந்து பார்க்கலாம். தி.நகரில் கடை வைத்திருப்பவர்கள் ஞாயிறு பதினோரு மணிக்குத் தும்மக்கூட யோசிப்பார்கள் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. ஒரு வருடம் தப்பித்தாள். அடுத்த வருடம் ஆடித் தள்ளுபடியின் முதல் ஞாயிறு, சந்து முழுக்க ஜனம், பெட்டி பதினொன்று பத்துக்கு அணைந்து எழப் போனது. எழும்போது டிஸ்க்கைச் சோதிக்கிறேன் என்று ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. அதுவரை ஒரு பில் போட முடியவில்லை. துணியை வெட்டி வாங்கியவர்கள் கத்தினார்கள், வெட்டாதவர்கள் எதிர்க்கடைக்குப் போனார்கள்.

ஜொவிட்டா ஆட்டோ பிடித்து ஓடினாள். கடை நிறைய ஆள் நிற்கும்போதே வள்ளி கேட்டாள்: "அந்த மிஷினு ஞாயித்துக்கெழம கண்ண மூடணும்னு எவ சொன்னா?"

"அது செக்யூரிட்டி பேட்ச் வள்ளி. தள்ளிப்போட்டா ஆபத்து" என்றாள் ஜொவிட்டா. மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் விளக்கம் சொன்னாள். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் செய்கிற தப்புதான்.

"உனக்கு மனுஷங்களவிட மிஷினுதான் பெருசு. ஏட்டி, போ. இனிமே என் மூஞ்சியில முழிக்காத. நாளைக்கே இதத் தூக்கிக் குப்பையில போடுதேன்."

அன்று சாயங்காலமே ஜொவிட்டா வீட்டிலிருந்தபடி பெட்டிக்குள் நுழைந்து நேரத்தை மாற்றினாள். செவ்வாய், மத்தியானம் இரண்டு நாற்பது. அப்போதுதான் கடை காலியாக இருக்கும், வள்ளி சாப்பாட்டு டப்பாவைத் திறப்பாள். மறுநாள் மறுபடி நுழையப் பார்த்தபோது பெட்டி பதில் சொல்லவில்லை. சொன்னபடியே தூக்கிப் போட்டுவிட்டாள் என்று முடிவு கட்டினாள். ஒரு ஃபோன் போட்டுக் கேட்டிருக்கலாம். ரோஷம் விடவில்லை. அவளும் போடவில்லை. பத்து வருடம் ஓடிவிட்டது.

இருபத்திரண்டாம் தேதி செவ்வாய்க்கிழமை ஜொவிட்டா லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு பட்டினப்பாக்கத்தில் பஸ் ஏறினாள். மறுபடியும் ஆடி. பனகல் பார்க்கில் இறங்கும்போதே பலகைகள் தள்ளுபடி தள்ளுபடி என்று கூவின. சந்தில் திரும்பினாள். கடை அங்கேயேதான் இருந்தது. கல்லாவில் வள்ளி இல்லை. நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆள் லைனிங் துணியை மடித்துக்கொண்டிருந்தான். சட்டையில் தனபாலன் என்று பேட்ஜ்.

"இன்னா மேடம் வேணும்? லைனிங்கா, ஃபால்ஸா?"

ஜொவிட்டா மேலே பார்த்தாள். லாஃப்ட்டில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே, அவள் பத்து வருடத்துக்கு முன் வைத்த அதே இடத்தில், அதே பெட்டி. மேலே தூசுகூட இல்லை. அன்றைக்கு அது பதில் சொல்லாதது கடையின் இன்டர்நெட் விலாசம் மாறியதால்தான் என்று இப்போது புரிந்தது.

"அது என்ன?" என்று கேட்டாள்.

"அதுவா? சும்மா கீது மேடம். பில்லு எல்லாம் டேப்லெட்ல போட்டுக்கினு கீறோம், நாலு வருஷமாச்சு. அதுல ஒண்ணும் ஓடல."

கடிகாரம் இரண்டு முப்பத்தொன்பது. அவள் அண்ணாந்து பார்த்தபடியே நின்றாள். தனபாலன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். இரண்டு நாற்பதுக்குப் பெட்டியின் முகத்தில் பச்சை விளக்கு படபடவென்று மினுக்கியது, பத்து வினாடி இருக்கும், பிறகு அடங்கிவிட்டது.

இதுதான் அவர். மூக்குக் கண்ணாடி இல்லை, நூலகம் இல்லை, கடல் இல்லை. நான்கு வருடமாக அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டது, அவளே போட்டு வைத்த ஓர் உத்தரவுக்காக. அவளே கேட்டு, அவளே கொடுத்து, அவளே வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"சர்வீஸா மேடம்?" என்றான் தனபாலன், பையில் நீட்டிக்கொண்டிருந்த ஒயரைப் பார்த்து. அவள் தலையை ஆட்டினாள். அவன் ஸ்டூலைப் போட்டுப் பிடித்துக்கொண்டான். அவள் ஏறி, ஒயரைச் செருகி, பாஸ்வேர்டை அடித்தாள். விரல்கள் மறக்கவில்லை.

கர்லூ ஓடுகிற ஒவ்வொரு பெட்டியும் தினம் இரவில் தன் பொறுப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதி உள்ளேயே போட்டு வைக்கும். டிஸ்க்கில் இடம் இருக்கிறது, யாரும் தப்பாக நுழையப் பார்க்கவில்லை, இன்று இந்தப் பேட்ச் போட்டேன் என்று. இந்தப் பெட்டிக்குப் பொறுப்பாளர் என்று எழுதியிருந்த பெயர் ஜொவிட்டா. உள்ளே நுழைந்ததும் ஸ்க்ரீன் முதல் வேலையாக அதைச் சொன்னது. 'உங்களுக்குப் படிக்காத கடிதங்கள் 3641.'

பத்து வருடத்தில் பதினைந்து நாள் மட்டும் கடிதம் இல்லை. தேதிகளைப் பார்த்தாள். வெள்ளம் வந்த டிசம்பரில் சில நாள், அதற்கடுத்த டிசம்பரில் புயல் அடித்த நாள்கள். மற்றபடி ஒரு நாள் தவறாமல் அது அவளுக்கு எழுதியிருக்கிறது. ஜூலை எட்டாம் தேதிக் கடிதத்தைத் திறந்தாள். 'பேட்ச் 212 போட்டாயிற்று' என்று இருந்தது. அதன்கீழ் பேட்ச்சின் குறிப்பை அப்படியே ஒட்டியிருந்தது. முதல் வரி, இரண்டாம் வரி, மூன்றாம் வரி. நாலாவதாக: 'இதைப் படிப்பவர் எங்கிருந்தாலும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். ஜொவிட்டா, சென்னை.'

ஸ்டூலிலிருந்து இறங்கி, அதிலேயே உட்கார்ந்தாள். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு தல்ஹாவுக்கு எழுதினாள். 'அந்த ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டேன். நான்தான். கிளையை மூடிவிடலாம்.' அனுப்பியும்விட்டாள். பொய் சொல்லி இரண்டு வருடம் வாங்கியிருக்கலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் அவள் பவுல்சாமி வாத்தியார் மகள்.

இனி இந்தப் பெட்டிக்குப் பேட்ச் வராது. பேட்ச் இல்லாத பெட்டியை இன்டர்நெட்டில் விட்டு வைப்பது தெருக்கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவதற்குச் சமம். நிறுத்தத்தான் வேண்டும்.

"இத நிறுத்தப் போறேன்" என்றாள்.

தனபாலன் பதறிவிட்டான். "ஐயோ, வாணாம் மேடம். அக்கா கொன்னுபோட்ருவாங்க."

"அதுல ஒண்ணும் ஓடலன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஓடலதான். ஆனா அக்கா தொடக்கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க. வாரம் ஒருக்கா நான்தான் தூசி தட்டணும். யூபிஎஸ் பேட்டரி ரெண்டு வாட்டி பூட்ச்சு, அக்காவே புச்சு வாங்கியாந்து போட்டாங்க. கரண்ட் இல்லாம நின்னா அது கணக்குல வராதாம். அது தானா நிக்கணுமாம்."

"எதுக்கு?"

"அது நின்னா சாந்தோம்லேர்ந்து ஒரு அம்மா வருவாங்களாம். நிக்கிற மிஷின பாத்துக்கினு அவங்களால சும்மா இருக்க முடியாதாம். 'நின்ன உடனே எனக்கு சொல்லு, அவளுக்கு ஆள் அனுப்பணும். வந்தா ஒக்கார வெய்'னு சொல்லிக்கீறாங்க. நானும் இங்க வந்து ஆறு வருஷம் ஆவுது மேடம். நிக்கவே மாட்டேங்குது."



ஜொவிட்டாவுக்கு நூற்று முப்பத்தொன்றாம் பேட்ச் நினைவுக்கு வந்தது. இரண்டாயிரத்துப் பத்தொன்பது. பதினோராம் பதிப்பை வைத்திருந்த யாரோ ஒருவர் புகார் எழுதியிருந்தார்: படிக்காத கடிதங்கள் சேர்ந்து சேர்ந்து டிஸ்க் நிறைந்து, என் பெட்டி நின்றுவிட்டது. தனக்கு வந்த கடிதத்தைக்கூடப் படிக்காத சோம்பேறிகள் இருக்கிறார்களே என்று திட்டிக்கொண்டே ஜொவிட்டா அதற்கு ஒரு பேட்ச் எழுதினாள். பழைய கடிதங்களைத் தானே சுருட்டி ஓரமாக வைத்துவிடும், எத்தனை வருடம் யாரும் திரும்பிப் பார்க்காவிட்டாலும் பெட்டி நிற்காது. நல்ல வேலை என்று தல்ஹாகூட எழுதியிருந்தான். அந்தப் பேட்ச் மட்டும் இல்லாமல் இருந்தால் இந்தப் பெட்டி அந்த வருடமே நின்றிருக்கும். வள்ளி அந்த வருடமே ஆள் அனுப்பியிருப்பாள். சாந்தோமில் உட்கார்ந்துகொண்டு, வாராவாரம், இது நின்றுவிடாமல் பார்த்துக்கொண்டவள் ஜொவிட்டாதான். ஆறு வருடம்! அவள் வாய்விட்டு அழுதுவிட்டாள். தனபாலன் என்ன செய்வதென்று தெரியாமல் லைனிங் துணியில் ஒரு துண்டைக் கிழித்து நீட்டினான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிறுத்தும் உத்தரவை அடித்தாள். பெட்டி ஒவ்வொன்றாகத் தன் வேலைகளை முடித்துக்கொண்டது. பச்சை விளக்கு அணைந்தது.

"இப்ப உங்க அக்காவுக்கு ஃபோன் போடுங்க. நின்னுடுச்சுன்னு சொல்லுங்க."

தனபாலன் அவளையே பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். ஒன்றும் கேட்காமல் ஃபோனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, கல்லாமேல் வைத்தான்.

"அக்கா, அந்தப் பொட்டி நின்னுபோச்சுக்கா."

ஃபோனில், மேற்கு மாம்பலத்தில் வள்ளி வீட்டுக்குப் பின்னால் ரயில் போகும் சத்தம் கேட்டது. அது போனதும் வள்ளி கேட்டாள்.

"தானா நின்னுச்சா, நீ ஒயரப் புடுங்கித் தொலைச்சியா?"

"நானு தொடலக்கா. ஒரு மேடம் வந்துக்கீறாங்க. அவங்கதான் நிறுத்தினாங்க."

ஜொவிட்டா ஃபோன் பக்கம் குனிந்தாள். பத்து வருடமாக யோசித்து வைத்திருந்த ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை.

"வள்ளி, தப்பு என்னுதுதான்" என்றாள்.

எதிர்ப்பக்கமிருந்து வந்தது அதே பழைய குரல், கொஞ்சம் தேய்ந்திருந்தது.

"ஏட்டி, இன்னைக்கு செவ்வாக்கெழமல்லா? ஞாயித்துக்கெழம பதினோரு மணிக்குத்தானே நீ நிறுத்துவ?"

தனபாலன் ஸ்டூலைத் தூக்கிக் கல்லாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டு, உட்காருங்கள் என்று கையைக் காட்டினான். வந்தால் உட்கார வைக்கச் சொல்லியிருந்தார்கள் அல்லவா.